கீரிமலை யாத்திரையும் ஊர்திகளும்

ஈழநாட்டின் வடகோடியிலே, கடலலை மோதும் சுண்ணக்கற் பாறையினிடையே நன்னீர் ஊறிப் பெருகும் தீர்த்தம் கீரிமலை. உவர்க்கடலையும் நன்னீர்க் கேணியையும் ஒரு மதிலே பிரித்து நிற்கும் இப்புதுமையைக் காணவும், அதில் நீராடிப் பிதிர்க்கடன் செலுத்தவும் மக்கள் தொன்றுதொட்டு வந்துள்ளனர். தலத்தின் பெருமை பேசப்படுமிடத்து, வந்தவர்கள் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. ஆயினும் கீரிமலையின் மடங்களும், அதற்குச் செல்லும் வீதிகளின் அமைப்பும் அவ்வினாவை விடுத்து விளங்கா.

தலத்தின் ஐதிகங்களே பயணக் கதைகளாக அமைந்துள்ளன. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கு வந்து நீராடி மனிதமுகம் பெற்றார் என்பர். குதிரைமுகம் வாய்த்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கடல் கடந்து வந்து, தீர்த்தமாடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்றும், 'மா' ஆகிய குதிரையின் முகம் விட்டகன்ற இடம் மாவிட்டபுரமாயிற்று என்றும் கூறுவர். அங்கே அவள் எழுப்பிய ஆலயத்துக்குக் காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை என்பது மரபு. ஐதிகத்தை வரலாறென்று கொள்ளுதல் பொருந்தாது. எனினும் கீரிமலைக்கு முதல்வழி கடல்வழியே என்னும் நினைவு அதனுட் பொதிந்து கிடக்கின்றது. சோழநாட்டுக் கரைக்கும் இக்கரைக்கும் இடையே தோணியோட்டம் நெடுங்காலம் நிகழ்ந்தமை அந்நினைவுக்கு அரணாகும்.

1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. கீரிமலைச் சிவாலயமும் அவர் காலத்தில் அழிந்தது. அதன்பின் ஒல்லாந்தர் ஆட்சியிலும் சைவ வழிபாடு வெளிப்பட நிகழ்தற்கு இடமிருக்கவில்லை. கோயில் இல்லாத அக்காலத்திலும் ஊற்று வற்றவில்லை என்பது கருதத்தக்கது. ஆங்கிலேயர் காலத்தில் ஆறுமுக நாவலர் இவ்வாலயத்தை மீள எழுப்புமாறு சைவரைத் தூண்டினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகுலேசுவரம் மீண்டும் எழுந்தது.

யாத்திரை பெருகிய அந்நாளில் ஊர்தி மாட்டுவண்டியே. யாழ்ப்பாண நகரிலிருந்து கீரிமலை ஏறக்குறைய 12 மைல். எருதுகள் மணிக்கு இரண்டு மூன்று மைலுக்கு மேல் நடவா. ஆதலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் செல்வோர் முதல்நாளே வண்டி பூட்டவேண்டியிருந்தது. செல்வர் திருக்கல் என்னும் சிறு வண்டியில் ஏறினர். கமக்காரர் தம் பாரவண்டிக்கே கூடாரம் கட்டி, வைக்கோல் பரப்பி, அரிசியும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டனர். வறியவர் நடந்தனர். இவர்களுக்காகவே வீதியோரங்களில் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிகளும், மாடுகள் நீரருந்தத் தொட்டிகளும், அவை உடம்பைத் தேய்த்துத் தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கற்களும் அமைக்கப்பட்டன. வாய்பேசா விலங்கின் தினவையும் நினைந்து கல் நட்ட சமூகம் அது.

களைத்த மாடுகள் அன்றே திரும்ப மாட்டா. எனவே வந்தவர் தங்கினர். தங்குவோர்க்கு அடுப்பும் திண்ணையும் கிணறும் வேண்டியிருந்தன. கீரிமலையில் மடங்கள் பல எழுந்தமைக்கு அறப்பற்று ஒரு காரணம். எருதின் நடை மற்றொரு காரணம். அவற்றுள் பெயர்பெற்றது சிறாப்பர் மடம். சிறாப்பர் என்பது அரச பணத்தைக் கையாண்ட உத்தியோகத்தரைக் குறித்த சொல். கச்சேரி உத்தியோகம் ஈட்டித் தந்த பொருள் யாத்திரிகர் தங்கும் கற்றூண்களாயிற்று போலும்.

1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 21 மைல் நீளமான புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1905இல் அது கொழும்பிலிருந்து வரும் பாதையோடு இணைந்தது. அதுகாறும் காடு கடந்தோ கப்பலேறியோ வந்த தென்னிலங்கை யாத்திரிகர் ஒரே வண்டியில் வடகரை சேர்ந்தனர். கீரிமலைக்குத் தனி நிலையம் இல்லை. மாவிட்டபுரத்திலோ காங்கேசன்துறையிலோ இறங்கி, எஞ்சிய சிறுதூரத்தை நடந்தோ வண்டியிலோ கடந்தனர். இவ்வாறு புகையிரதம் மாட்டுவண்டியை ஒழிக்கவில்லை. நெடும்பயணத்தைத் தான் எடுத்துக்கொண்டு, கடைசித் தூரத்தை அதற்கு விட்டுவைத்தது.

அந்த இடத்தையும் பறித்தவை மோட்டார் வண்டிகள். தனியார் பேருந்துகளும், ஆட்களோடு மூட்டைகளையும் சுமந்த தட்டிவான்களும், வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் தீர்த்தக் கரைவரை சென்றன. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1958இல் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. பலாலியிலிருந்த போர்க்கால விமானத்தளத்தில் 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதல் விமானம் கொழும்பிலிருந்து சென்னை செல்லும் வழியில் இறங்கியது. 1966இல் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டபோது, கீரிமலைக்குத் தரையாலும் வானாலும் வழிகள் இருந்தன. காலையில் வந்தவர் மாலையில் வீடு திரும்பினர். மடத்தில் உலைவைக்கும் தேவை குன்றியது. யாத்திரிகர் என்ற சொல்லோடு உல்லாசப் பயணிகள் என்ற சொல்லும் வழக்கில் ஏறியது.

வேகம் கூடக்கூட வழி உறுதிப்படும் என்று எண்ணியோரை 1990ஆம் ஆண்டு திகைக்கச் செய்தது. அவ்வாண்டு யூனில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். கீரிமலையைச் சூழ்ந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. எரிபொருட் தடையினால் குடாநாட்டில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளே பொது ஊர்தியாயிற்று. அச்சைக்கிளும் தீர்த்தக்கரையை அணுக இயலவில்லை. தோணிக்கும் எருதுக்கும் எட்டிய கீரிமலை, விமானம் கண்ட நூற்றாண்டில், சில மைல் தொலைவில் வாழ்ந்த சொந்த மக்களுக்கே எட்டாத ஊராயிற்று. தந்தையர்க்கு ஆடி அமாவாசை நீர்க்கடனை வேறு கரைகளில் இறுத்தவர் பலர்.

2009இல் போர் முடிந்தபின் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இந்தியக் கடனுதவியோடு மீளமைக்கப்பட்ட பாதையில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரையும், 2015 சனவரியில் காங்கேசன்துறைவரையும் புகையிரதம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்திலிருந்து 'செரியபாணி' என்னும் பயணிகள் கப்பல் காங்கேசன்துறையை வந்தடைந்தது. ஐதிகம் குறித்த பழைய துறையே அது. தென்னிலங்கைச் சொகுசுப் பேருந்துகளில் வருவோரும், புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருவோரும் கேணிக்கரையில் ஒரு மணிநேரம் நின்று, நீராடி, படமெடுத்து, நயினாதீவுக்கோ நல்லூருக்கோ விரைகின்றனர். மடங்களோ போரிற் சிதைந்தன. ஒரு மணிநேரம் நிற்பவருக்கு மடம் வேண்டியதில்லையாதலால், அவற்றைப் பேணுவோர் இனிப் பயணிகளின் வசதியை நம்பியன்றி, வரலாற்றுப் பற்றை நம்பியே முன்வரவேண்டும்.

ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரக் கந்தப்பெருமான் தீர்த்தமாடக் கீரிமலைக்கு எழுந்தருளுவது வழக்கம். அன்று வீதியில் மோட்டார் வண்டிகள் ஒதுங்கி நிற்க, கூட்டம் நடந்தே செல்லும்.