குறைபாடுள்ள விடுமுறை

1980 பிப்ரவரி 25ஆம் தேதி மேற்கு ஜெர்மனியில் ஃபிராங்ஃபுர்ட் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு பார்வைக்கு ரொம்பச் சாதாரணமானது. கிரேக்கத்துக்கு விடுமுறைப் பயணம் போய்வந்த ஒரு பெண்மணி, ஏற்பாடு செய்த நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். அவர் அடுக்கிய புகார்களில் ஒன்று, தான் தங்கிய ஓட்டலில் கடுமையான ஊனமுற்றோர் 25 பேர் கொண்ட குழு ஒன்றும் தங்கியிருந்தது என்பது. நீதிமன்றம் அந்தப் புகாரை ஏற்றுக்கொண்டது. கட்டியதில் பாதிப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. உலகத்தில் துன்பம் இருப்பதை மாற்ற முடியாதுதான், ஆனால் விடுமுறையிலாவது அதைப் பார்க்காமல் இருக்க விரும்புகிறவரை எப்படித் தடுப்பது என்கிற ரீதியில் போனது நீதிபதிகளின் வாதம்.

இந்த வாதத்தை வெறும் மனிதாபிமானக் குறைவு என்று தள்ளிவிட்டால் விஷயம் நழுவிப்போகும். சுற்றுலாப் பயணிக்கு உரிமைகள் தரும் பிரிவுகள் ஜெர்மன் சிவில் சட்டத்தில் சேர்ந்தது 1979இல். நுகர்வோருக்குக் கிடைத்த வெற்றி அது. அறையில் கரப்பான் பூச்சி, விளம்பரத்தில் காட்டிய நீச்சல்குளம் காணோம், பக்கத்தில் கட்டிட வேலை நடந்து தூங்க முடியவில்லை - இவையெல்லாம் பயணத்தின் 'குறைபாடுகள்'. ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம் கழிவு. இதே நீதிமன்றம் 1985இல் இப்படியான குறைபாடுகளுக்கு ஒரு கழிவு அட்டவணையே போட்டது. அது நாடு முழுக்கப் புழங்கிற்று. ஆக, பயணம் ஒரு சரக்கு. அந்தச் சரக்கில் இருக்கக்கூடாத அழுக்காகத்தான் 25 மனிதர்கள் கணக்கில் வருகிறார்கள். ஜெர்மன் மொழியில் சரக்கின் குறைபாட்டுக்கு ஒரு சொல், உடலின் ஊனத்துக்கு வேறொரு சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் 'குறைபாடு' என்ற ஒரே சொல்லுக்குள் வந்து விழுந்துவிடுகின்றன. நீதிபதிகள் சொல்லாமல் செய்ததைத் தமிழ் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

கடற்கரை விடுமுறை ஆரோக்கியமான உடலுக்கு உரியது என்பதை இயற்கை போல நாம் எடுத்துக்கொள்கிறோம். வரலாறு நேர் எதிராக இருக்கிறது. கடல் என்பது பயப்பட வேண்டிய இடம், மீனவர்களும் மாலுமிகளும் தவிர வேறு யாரும் சும்மா போய் நிற்கிற இடமல்ல என்றிருந்த ஐரோப்பாவில், கடற்கரையைப் போகத்தக்க இடமாக்கியது நோய்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீரை மருந்தாகப் பரிந்துரைத்து எழுதினார். பிரைட்டன் வளர்ந்ததில் அவருக்குப் பங்குண்டு. ஜெர்மனியில் பால்டிக் கரையிலுள்ள ஹைலிகன்டாம் 1793இல் முதல் கடற்குளியல் தலமாகத் தொடங்கியதும் சாமுவேல் ஃபோகல் என்ற மருத்துவரின் ஆலோசனையில்தான். கடலுக்குள் எப்படிப் போனார்கள் என்பது இன்னும் சுவாரசியம். சக்கரம் வைத்த மரப்பெட்டி, அதை இழுக்க ஒரு குதிரை. பெட்டிக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் வந்ததும் பின்படி வழியாக இறங்கிக் குளிக்க வேண்டும். பிரபுக்களும் ராஜாக்களும் கடலுக்குள் போனது சக்கரத்தில்தான். அதை யாரும் ஊனம் என்று சொல்லவில்லை.

இன்று ஜெர்மன் கடற்கரை என்றவுடன் யாருக்கும் நினைவுக்கு வருவது பிரம்பில் பின்னிய கூடை நாற்காலி. மேலே கூரை, பக்கங்களில் மறைப்பு, இருவர் உட்காரலாம். தபால் அட்டைகளில் குடும்ப மகிழ்ச்சியின் சின்னமே அதுதான். 1882இல் ராஸ்டாக் நகரத்துக் கூடை பின்னுபவரான வில்ஹெல்ம் பார்ட்டெல்மன் முதல் நாற்காலியைப் பின்னிக் கொடுத்தார். வாதநோய்க்காரரான எல்ஃப்ரீட ஃபான் மால்ட்சான் என்ற பெண்மணி, காற்றடிக்காமல் கடற்கரையில் உட்கார ஏதாவது வழியுண்டா என்று கேட்டதற்காகச் செய்தது. நோயாளிக்கென்று பண்ணிய கருவி ஊர் முழுக்கப் பரவியதும் அதன் பிறப்பு மறந்துபோயிற்று. பிறப்பு மறக்கப்படுவது எப்போதும் தற்செயலாக நடப்பதில்லை.

ரயில் வந்து, சம்பளத்துடன் கூடிய விடுப்பு வந்து, கடற்கரை மருத்துவரின் கையிலிருந்து குடும்பத்தின் கைக்கு மாறியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நடந்த கதை. அது நீளமானது, இங்கே வேண்டாம். ஆனால் கடற்கரை 'எல்லோருக்கும்' என்றான அதே காலத்தில் யாருக்கு இல்லை என்பதும் எழுதப்பட்டது. வடகடலின் போர்க்கும் தீவு, ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு வெகுமுன்பே, யூதர்களுக்கு இடமில்லை என்று பெருமையோடு பாட்டுப் பாடிய ஊர். பிறகு நாஜிகள் இதைத் திட்டமாக்கினார்கள். 1936இல் ரூகன் தீவின் ப்ரோரா கடற்கரையில் அஸ்திவாரம் போட்டார்கள்: 20,000 பேர் ஒரே நேரத்தில் தங்கும் விடுதி, நாலரை கிலோமீட்டர் நீளம், எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியும். உழைக்கும் ஜெர்மன் குடும்பத்துக்கு மலிவு விலையில் கடல். 1939இல் போர் வந்து வேலை நின்றது. நாஜிகள் காலத்தில் ஒரு விடுமுறைப் பயணிகூட அங்கே தங்கவில்லை. இந்தக் குடும்பம் யார் என்பதை வேறொரு சட்டம் ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. 1933 ஜூலை 14இல் வந்த பரம்பரை நோய்த் தடுப்புச் சட்டத்தின்படி காது கேளாதவர், பார்வையற்றவர், வலிப்புக்காரர், மனநோயாளி, பிறவியிலேயே கடும் உடல் ஊனம் உள்ளவர் என்று பட்டியல் போட்டுச் சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1940-41இல் எரிவாயு அறைகளில் கொல்லப்பட்ட நோயாளிகளும் ஊனமுற்றோரும் 70,000க்கும் மேல்.

கொலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. கருத்தடை குறைவாகவே பேசப்படுகிறது. அது செய்த வேலை நுட்பமானது: ஊனமுற்றவரைத் தாய், தகப்பன் என்ற இடத்திலிருந்தே அழித்தது. ப்ரோராவில் அறை கட்டிக்கொண்டிருந்த அரசுதான் இதையும் செய்தது என்பதை ஒன்றன்பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்க்கவேண்டும். அந்த 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த உத்தரவுகளை ஜெர்மன் நாடாளுமன்றம் முழுமையாக ரத்து செய்தது 1998இல். கருத்தடை செய்யப்பட்டவர்களுக்கு ஒரே தடவையாக 5,000 மார்க் கொடுப்பதென்று அரசு முடிவெடுத்தது எந்த வருஷம் தெரியுமா? 1980. ஃபிராங்ஃபுர்ட் தீர்ப்பு வந்த அதே வருஷம்.

தீர்ப்பு சும்மா போகவில்லை. 1980 மே 8ஆம் தேதி, போர் முடிந்த நாளின் ஆண்டு நிறைவில், சுமார் 5,000 பேர் ஃபிராங்ஃபுர்ட்டில் ஊர்வலம் போனார்கள். சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் தெருவை அடைத்தன. மறுவருஷம் ஐ.நா. அறிவித்த ஊனமுற்றோர் ஆண்டு. அரசு விழா எடுத்தது. இவர்கள் ஜனவரியில் டார்ட்முண்ட் விழா மேடையை ஆக்கிரமித்தார்கள். ஜூன் மாதம் டூசல்டார்ஃபில் ஃபிரான்ஸ் கிறிஸ்டாஃப், குடியரசுத் தலைவர் கார்ல் கார்ஸ்டன்ஸைத் தன் ஊன்றுகோலால் அடித்தார். இந்த இயக்கம் தனக்கு வைத்துக்கொண்ட பேர் 'முடவர் இயக்கம்'. நம்மூரில் 'மாற்றுத்திறனாளி' என்ற கௌரவமான சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிட்டோம். அவர்கள் வசைச்சொல்லையே எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். பரிவுக்கு இடம் கொடுக்காத சொல்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இவ்வளவுக்கும் பிறகு 1992 வருகிறது. துருக்கிக் கடற்கரைக்குப் போய்வந்த ஒரு குடும்பம் - கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் - ஃபிளென்ஸ்பூர்க் நீதிமன்றத்துக்குப் போகிறது. ஓட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் ஊனமுற்றோர் பத்துப் பேர் சாப்பிட்டார்கள், சக்கர நாற்காலியில் சிலர், ஊட்டிவிட வேண்டியவர்கள் சிலர். அதைப் பார்த்து எங்கள் சாப்பாடு கெட்டது. நீதிமன்றம் மறுபடியும் கழிவு கொடுத்தது. ஒவ்வொரு வேளையும் தப்ப முடியாமல் பார்க்க நேர்ந்த காட்சி அருவருப்பைத் தந்தது, மனிதருக்கு எதுவும் நேரலாம் என்பதை அது ஓயாமல் நினைவூட்டியது என்றெல்லாம் தீர்ப்பு விளக்கியது.

தமிழ் வாசகருக்கு இங்கே உடனே வேறொன்று நினைவுக்கு வரும். சேர்ந்து உண்ணுதலும் தீட்டும். திருநெல்வேலிப் பக்கம் புரத வண்ணார் கண்ணில் படுவதே தீட்டு என்று பகலில் நடமாட விடாமல் வைத்திருந்த காணாமை 1932இல் பத்திரிகைச் செய்தியாகி, அம்பேத்கர் அதை எடுத்துக்காட்டினார். இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. சாதி பிறப்பால் வருவது, அதற்குப் பின்னால் நிலமும் உழைப்பும் கோயிலும் இருக்கின்றன. ஊனம் நாளைக்கு நீதிபதிக்கே வரலாம். சொல்லப்போனால் அந்த நினைப்பைத்தான் தீர்ப்பு தாங்கமாட்டாமல் தவிக்கிறது. ஆனால் கண்ணில் படுவதையே குற்றமாக்கி, பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கிற தர்க்கத்தை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று. இரு வழக்கிலும் ஊனமுற்றோர் வருவது 'குழு'வாக. 25 பேர், 10 பேர். அவர்களுக்கு வயது கிடையாது, உறவு கிடையாது. குடும்பம் எதிர்த்தரப்பில் இருக்கிறது. குழந்தைகளும் அந்தப் பக்கம்தான். இந்தப் பத்துப் பேரில் ஒருத்தி யாருக்காவது அம்மாவாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் வழக்கில் எந்த இடத்திலும் நுழைய வழியில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு அந்தக் கூடத்துக்குள் வந்திருந்தால் கணக்கு என்ன ஆகும்? அவள் கழிவு கேட்கும் குடும்பமா, கழிவுக்குக் காரணமான காட்சியா? 1933இன் சட்டம் ரத்தத்தில் செய்ததை 1992இன் தீர்ப்பு கற்பனையில் செய்துகொண்டிருந்தது.

1994இல் ஜெர்மன் அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், ஊனம் காரணமாக யாருக்கும் பாதகம் செய்யக்கூடாது என்ற வரி சேர்ந்தது. இயக்கம் போராடி வாங்கிய வரி. ஊனமுற்ற தாய் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளைப் பராமரிக்க உதவியாளர் கேட்கலாம் என்று சட்டம் வெளிப்படையாக எழுத இன்னும் 22 வருஷம் ஆயிற்று. 2016இல் நிறைவேறிய பங்கேற்புச் சட்டத்தில்தான் அது வந்தது. அதுவரை உதவி என்றால் ஊனமுற்றவருக்கு மற்றவர் செய்வது. ஊனமுற்றவர் இன்னொருவரைப் பார்த்துக்கொள்கிறவர் என்பது புதிய வாக்கியம்.

'பார்த்துக்கொள்வது' என்று தமிழில் சொல்கிறோமே, கடற்கரையில் பெற்றோர் வேலை முழுக்க அதுதான். குழந்தை எவ்வளவு தூரம் போய்விட்டது, அலை எங்கே இருக்கிறது, கூப்பிட்டால் கேட்குமா. வழக்குகளில் ஊனமுற்றவர் பார்க்கப்படுகிற பொருள். கடற்கரையில் அவர் பார்த்துக்கொள்கிற ஆளாக வேண்டும். அங்கேதான் மணல் குறுக்கே வருகிறது. சாதாரண சக்கர நாற்காலியின் முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் மணலில் இறங்கியதும் குத்திக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் சாலையோரம்தான். இன்று வடகடல், பால்டிக் கரைகளின் பல ஊர்களில் பலூன் போலக் கொழுத்த டயர் வைத்த கடற்கரை நாற்காலிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நல்ல காரியந்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தானே கையால் உருட்ட முடியாது, பின்னாலிருந்து ஒருவர் தள்ளவேண்டும். தாய் தண்ணீர் வரை போக வேண்டுமானால் கணவனோ பத்து வயதுப் பிள்ளையோ தள்ளவேண்டும். குழந்தை ஓடினால் பின்னால் போக முடியாது. வசதி செய்து கொடுத்தவர்கள் மனதில் இருந்தது மறுபடியும் அழைத்துவரப்படும் ஒருவர், அழைத்துவருகிற ஒருவரல்ல.

இதற்கு மாறான ஒன்று வந்திருப்பது, வேடிக்கையைப் பாருங்கள், கிரேக்கத்திலிருந்து. 2008 முதல் அங்கே சீட்ராக் என்றொரு அமைப்பைக் கடற்கரைகளில் வைத்துவருகிறார்கள். கரையிலிருந்து தண்ணீருக்குள் சாய்வாக இறங்கும் தண்டவாளம், அதன்மேல் ஒரு இருக்கை, சூரிய ஒளியில் மின்சாரம். கரை வரை பலகைப் பாதை. சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறி, கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் கடலுக்குள் போகலாம், மறுபடி அழுத்தினால் வெளியே வரலாம். யாரும் தள்ளவேண்டாம். ராஜாக்கள் போன சக்கரப் பெட்டி திரும்பி வந்திருக்கிறது, குதிரை இல்லாமல். பொத்தான் அம்மாவின் கையில் இருக்கிறது. ஆழமாகப் போகாதே என்று பிள்ளையை அதட்டுவதற்கு அவள் இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் இருக்கிறாள்.