15 வருஷம் தாண்டிய கார்: எஃப்.சி.யில் எங்கே சிக்குது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் தெருக்களில் இன்னமும் மாருதி 800, சான்ட்ரோ கார்களைப் பார்க்கலாம். சொந்த காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு ஆய்வுக்குக் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் நாம 'எஃப்.சி.' என்கிறோம்.

அதிகம் ஓடாத கார்தானே, பாஸ் ஆகிடும்னு நினைக்காதீங்க. நின்றே கிடக்கும் காரில்தான் பிரேக் துருப்பிடித்து இறுகும். டயர் வெடிப்பு விடும்.

எதில் சிக்கும்?

* பிரேக்: ஒரு பக்கம் இழுப்பது, ஹேண்ட் பிரேக் பிடிக்காதது.
* டயர்: பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருப்பது.
* ஸ்டீயரிங்: 30 டிகிரிக்கு மேல் 'பிளே' இருப்பது.
* விளக்கு: மங்கிய ஹெட்லைட், எரியாத பிரேக் லைட், இண்டிகேட்டர்.
* புகை: பெட்ரோல் பி.எஸ்.3 காரில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டுவது.
* பாடி: அடித்தளத்தில் துரு, படிக்க முடியாத சேசிஸ் நம்பர்.
* கேஸ் கிட்: ஆர்.சி.யில் பதியாமல் மாட்டியது.

எவ்வளவு செலவு?

புதுப்பிப்புக் கட்டணம் ரூ.5,000. 20 வருடம் தாண்டிய காருக்கு, 2025 ஆகஸ்ட் முதல் ரூ.10,000. பசுமை வரி தனி. தாமதித்தால் மாதம் ரூ.500 கூடும்.

என்ன செய்யலாம்?

ஆர்.சி. முடிய 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் மெக்கானிக்கிடம் முதலில் பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்க. பல்பு எரியலைன்னா அரை மணி நேர வேலை. பிரேக் பிடிக்கலைன்னா உயிர் போகும்.