படுக்கையும் நடையும்: முள்ளந்தண்டுக் கசநோய்ச் சிகிச்சையின் வரலாறு

தமிழ் வழக்கிலே கசநோய்க்கு என்புருக்கி என்றொரு பெயர் உண்டு. நுரையீரல் நோயால் உடல் மெலிந்து என்பு தோன்ற நிற்பவரைக் கண்டே அப்பெயர் எழுந்திருத்தல் கூடும். ஆயினும், அது சொல்லளவிலும் பொருந்துவது அந்நோய் முள்ளந்தண்டைப் பற்றுமிடத்தேயாம். முள்ளென்புகளின் முற்பகுதி அரிபட்டுச் சிதைகின்றது. மேலுள்ள உடற்பாரம் முன்னோக்கிச் சரிகின்றது. முதுகிலே கூன் எழுகின்றது. சீழும் சிதைந்த என்பும் முண்ணாணை நெருக்குமாயின் கால்கள் வாதமுறுகின்றன. 1779 ஆம் ஆண்டில் இலண்டன் சத்திரவைத்தியரான பேர்சிவல் பொட் இக்கூனையும் வாதத்தையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி விவரித்தார். நோய்க்குக் காரணமான கிருமியை றொபேட் கொக் கண்டறிந்தது 1882 இலேயாகும்.

காரணம் புலப்பட்டபின்னரும் மருந்து கிட்டவில்லை. மருந்தில்லாக் காலத்தில் வைத்தியருக்கு எஞ்சியிருந்தது ஓய்வு ஒன்றே. லிவர்ப்பூலைச் சேர்ந்த ஹியூ ஓவன் தோமஸ், நோயுற்ற மூட்டுக்கு இடையறாத நீண்ட ஓய்வு வேண்டும் என்பதை ஒரு கோட்பாடாகவே நிறுவினார். அதன்வழி வந்தோர் நோயாளரைச் சாந்துப் படுக்கைகளிற் கிடத்தினர். பிரான்சின் பேர்க் கடற்கரையிலே சிறுவர்கள் படுத்தபடியே வண்டிகளிற் கொண்டுசெல்லப்பட்டனர். சுவிற்சர்லாந்தின் லெய்சின் மலையூரில் றொலியே 1903 முதல் வெயிற் சிகிச்சை நடாத்தினார். பள்ளிப் பருவம் முழுவதையும் முகட்டைப் பார்த்தபடி கழித்த பிள்ளைகள் பலர். குணமடைந்தோர் ஓய்வினாற் குணமடைந்தனரா, ஓய்விருந்தும் குணமடைந்தனரா என்ற வினாவை எவரும் முறையாக எழுப்பவில்லை. நோயாளர் மீது கொண்ட இரக்கமே அவ்வினாவுக்குத் தடையாயிருந்தது எனலாம்.

ஸ்ரெப்ரோமைசின், பராஅமினோசலிசிலிக் அமிலம், 1952 இல் ஐசோனியசிட் என மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை வந்தபின்னரும் பழைய படுக்கை மாறவில்லை. மருந்தோடு படுக்கையும் என்றாயிற்று. மாற்றத்துக்கு வழிவகுத்தது அறிவின் பெருக்கம் என்பதிலும் கட்டிலின் பஞ்சம் என்பதே பொருந்தும். நைஜீரியாவின் இபடான் நகரிலே கொன்ஸ்ரம் என்னும் வைத்தியர், படுக்கை வசதி போதாமையால், முள்ளந்தண்டுக் கசநோயாளரை நடமாட விட்டு மருந்தளித்தார். அவரும் பிளெசொவ்ஸ்கியும் 1962 இல் வெளியிட்ட முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆயினும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மறுதரப்பு ஒன்று அங்கு இருக்கவில்லை.

ஒப்பீட்டுக்கு முன்மாதிரி சென்னையில் ஏற்கெனவே இருந்தது. 1956 இல் அங்கு தொடங்கப்பெற்ற கசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நுரையீரற் கசநோயாளர் 193 பேரை எழுமாறாகப் பிரித்து, ஒரு சாராருக்கு வீட்டிலும் மறுசாராருக்குச் சனற்றோரியத்திலும் ஒரே மருந்துகளை அளித்தது. மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுமாயின் ஏழையின் குடிசையும் சனற்றோரியத்துக்குத் தாழ்ந்ததன்று என 1959 இல் வெளியான அதன் அறிக்கை காட்டிற்று.

இதே முறையை முள்ளந்தண்டுக்கும் பயன்படுத்தியது பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் செயற்குழுவாகும். கொரியாவின் மசான் நகரிலே ஒரு சாரார் ஆறு மாதம் வைத்தியசாலைப் படுக்கையிற் கிடந்தனர். மறுசாரார் முதல் நாளிலிருந்தே வெளிநோயாளராக நடமாடினர். பூசானிலே ஒரு சாராருக்கு ஒன்பது மாதம் பரிசுச்சாந்துக் கவசம் பூட்டப்பட்டது. மறுசாராருக்கு அதுவும் இல்லை. அனைவருக்கும் மருந்து பதினெட்டு மாதம். 1973 இல் முடிவுகள் வெளிவந்தபோது படுக்கையாலோ கவசத்தாலோ யாதொரு மேலதிக நன்மையும் விளைந்திலது என்பது தெளிவாயிற்று. ஒரு நூற்றாண்டின் வழக்கம் இரண்டு ஆய்வுகளாற் சாய்ந்தது.

எஞ்சியது கத்தி பற்றிய வினா. ஹொங்கொங்கிலே ஹொட்ஜ்சனும் ஸ்ரொக்கும் முன்புறமாக நெஞ்சறையைத் திறந்து, நோயுற்ற என்பை முற்றாக அகற்றி, ஒட்டென்பு பொருத்தும் சத்திரசிகிச்சையை 1956 இல் விவரித்திருந்தனர். கைதேர்ந்தோர் செய்யுமிடத்து என்புகள் விரைவில் ஒன்றிணைந்தன, கூனும் குறைவாயிருந்தது. இதனை எவரும் மறுத்திலர். ஆனால், அத்தகைய கைகளும் அரங்குகளும் இல்லாத நாடுகளிலே நோயாளர் கதி யாது? சென்னையில் நடைபெற்ற ஆய்வு இதற்கு விடையளித்தது. றிபம்பிசினும் ஐசோனியசிட்டும் ஆறு மாதம் பெற்றுச் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டோர், அவற்றை ஆறு மாதம் மட்டும் பெற்றோர், ஒன்பது மாதம் பெற்றோர் என நோயாளர் மூவகையினராயினர். 1999 இல் வெளியான பத்தாண்டு முடிவுகளின்படி நன்னிலை எய்தியோர் முறையே 90, 94, 99 வீதம். நடக்கவியலாத அளவுக்கு வாதமுற்றோர் இவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை என்பதை மறத்தலாகாது. அத்தகையோருட் சிலருக்குக் கத்தி தவிர்க்கவியலாததே. வாரணாசியிலே துளி என்பார் 1975 இல் வெளியிட்ட 'நடுவழி' முறையும், யாவருக்கும் மருந்து, தேவைப்பட்டோர்க்கு மட்டும் சத்திரசிகிச்சை என்பதேயாகும்.

சென்னை ஆய்வு தன் வெற்றியோடு ஒரு குறையையும் மறையாது சொல்லிற்று. பதினைந்து வயதுக்குட்பட்டவராய், தொடக்கத்திலேயே கூன்கோணம் 30 பாகைக்கு மேற்பட்டிருந்த பிள்ளைகளிலே, கிருமி அழிந்தபின்னரும் கூன் கணிசமாக வளர்ந்தது. முன்புறத்தில் என்பு அழிந்துபோக, பின்புறம் வளர்ந்துகொண்டேயிருத்தல் இதற்கு ஒரு காரணம். கோயம்புத்தூரைச் சேர்ந்த சத்திரவைத்தியர் எஸ். இராசசேகரன், மருந்து மட்டும் பெற்ற 61 பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, 2001 இல் அம்முடிவுகளை வெளியிட்டார். 39 வீதத்தினரிற் கூன் வளர்ச்சி முடியும்வரை பெருகிற்று. 44 வீதத்தினரில் அது குறைந்தது. ஏனையோரிற் பெரும் மாற்றமில்லை. தொடக்கக் கட்டத்தில் எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்திலேயே தோன்றும் நான்கு அடையாளங்களை அவர் வரையறுத்தார். பின்மூட்டுக்கள் விலகுதல், சிதைந்த என்பு பின்னோக்கித் தள்ளப்படுதல், முள்ளென்புகள் பக்கவாட்டில் நழுவுதல், மேலென்பு கவிழ்தல் என்பன அவை. இவற்றுள் இரண்டேனும் காணப்படும் பிள்ளைக்குக் காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை வேண்டும். ஏனைய பிள்ளைகள் மருந்தோடு பள்ளிக்கு நடந்து செல்லலாம்.