பங்கு விலையும் அறிவுசார் மூலதனமும்: இந்திய அனுபவம்

இந்தியாவில் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் நிறுவனம் அதன் விலையைத் தானே குறிக்கும் உரிமையை 1992இல்தான் பெற்றது. இரண்டாம் உலகப் போருக்காக 1943இல் பாதுகாப்பு விதிகளின் கீழ் வந்த கட்டுப்பாடு, போர் முடிந்தும் விலகாமல் 1947இல் தனிச் சட்டமானது. நிதி அமைச்சகத்தில் அமர்ந்திருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் இல்லாமல் பெரிய வெளியீடு எதுவும் சந்தைக்கு வர முடியாத நிலை இருந்தது.

அந்த அலுவலகத்தின் கணக்கு இரண்டு எண்களில் நின்றது. நிலம், கட்டடம், இயந்திரம், கையிருப்பு ஆகியவற்றிலிருந்து கடனைக் கழித்துப் பங்கு ஒன்றுக்கு வரும் நிகர சொத்து மதிப்பு ஒன்று. கடந்த சில ஆண்டுகளின் சராசரி லாபத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் மூலதனமாக்கினால் கிடைப்பது மற்றொன்று. இவற்றின் சராசரியே நியாய விலை. புதிய நிறுவனமானால் முகமதிப்புக்கு மேல் கேட்க வழியில்லை. பெயர், தொழில்நுட்பம், ஊழியர் திறமை போன்ற அறிவுசார் மூலதனம் பழைய லாபத்தின் வழியே எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இதன் விளைவை வெளிச்சமாக்கியது. பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க நேர்ந்தபோது, வீட்டுக்கு வீடு தெரிந்த பிராண்டுகள்கூடச் சூத்திர விலையில் விற்கப்பட்டன. அந்தப் பெயர்களின் மதிப்பு ஒதுக்கீடு கிடைத்த அதிர்ஷ்டசாலிகளுக்கு இலவசமாகப் போனது என்றே சொல்ல வேண்டும்.

1992 மே மாதம் கட்டுப்பாட்டாளர் பதவி ஒழிந்து, மேற்பார்வை பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியிடம் வந்தது. லாபம் ஈட்டிக் காட்டிய நிறுவனங்கள் பிரீமியத்தைத் தாமே குறிக்கலாம் என்றானது. ஆனால் முதலீட்டாளரின் பார்வை ஒரே நாளில் மாறவில்லை. 1993 பிப்ரவரியில் மென்பொருள் நிறுவனமான இன்ஃபோசிஸ் 10 ரூபாய் பங்கை 95 ரூபாய்க்கு விற்க வந்தபோது விண்ணப்பங்கள் போதவில்லை. முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லி 13 சதவீதப் பங்கை வாங்கிக் கைகொடுத்தது. ஆலையோ சுரங்கமோ இல்லாத நிறுவனத்தில் எதற்குப் பணம் போடுவது என்ற தயக்கம் அக்காலத்தில் இயல்பே. அதே ஆண்டு ஜூனில் பங்கு 145 ரூபாயில் பட்டியலானது.

பிற்பாடு இன்ஃபோசிஸ் அந்தக் கேள்விக்குத் தன் ஆண்டறிக்கைகளில் விடை எழுதியது. ஊழியர்கள் ஓய்வு பெறும்வரை ஈட்டக்கூடிய ஊதியத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் லெவ்–ஷ்வார்ட்ஸ் முறையில் மனிதவள மதிப்பை வெளியிட்டது. பிராண்டு மதிப்பும், புலனாகாச் சொத்துகளின் மதிப்பெண் அட்டையும் சேர்ந்தன. ஸ்வீடனின் ஸ்கண்டியா காப்பீட்டு நிறுவனம் 1994இல் அறிவுசார் மூலதனத்துக்கெனத் துணை அறிக்கை கொண்டுவந்திருந்த காலம் அது. ஊதியத்தைத் திறமையின் அளவுகோலாக வைப்பது கேள்விக்குரியது என்றாலும், படிப்பவருக்குப் பார்க்க ஓர் எண்ணாவது கிடைத்தது. பங்கு விற்றபோது தேவைப்பட்ட விவரம் விற்று முடிந்த பின் வந்தது என்பதுதான் இதில் உள்ள முரண்.

1999இல் ஹியூஸ் சாஃப்ட்வேர் வெளியீட்டுடன் புக் பில்டிங் முறை வழக்கத்துக்கு வந்தது. முதலீட்டாளர்கள் கேட்கும் விலைகளைத் திரட்டி இறுதி விலை காணும் முறை இது. 2004இல் மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ் 850 ரூபாய்க்கு விற்ற பங்கு, பட்டியலான நாளில் ஆயிரத்தைத் தாண்டியது. கணக்கியல் விதிகளோ இறுக்கமாகவே இருந்தன: தரநிலை 26இன்படி, நிறுவனம் தானே வளர்த்த பிராண்டை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டக் கூடாது. புலனாகாதவை முன்விவரண ஏட்டின் வருணனைப் பக்கங்களிலும் அபாயக் காரணிகளிலும் ஒதுங்கின.

2021இல் நஷ்டத்தில் இயங்கிய இணைய நிறுவனங்கள் வரிசையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான பேடிஎம் 2,150 ரூபாய்க்கு விற்ற பங்கு முதல் நாளிலேயே சுமார் 27 சதவீதம் சரிந்தது. லாபமே இல்லாதபோது பங்கு ஒன்றுக்கான வருவாய் என்ற வழக்கமான அளவுகோல் உதவாது. 2022இல் செபி புதிய விதி வகுத்தது: முந்தைய மூன்று ஆண்டுகளில் தனியார் முதலீட்டாளர்களுக்குக் காட்டிய முக்கியச் செயல்திறன் குறியீடுகளைப் பட்டயக் கணக்காளரின் சான்றுடன் ‘வெளியீட்டு விலைக்கான அடிப்படை’ பகுதியில் பொதுமக்களுக்கும் தர வேண்டும், முன்பு பங்குகள் கைமாறிய விலையோடு வெளியீட்டு விலையை ஒப்பிட்டும் காட்ட வேண்டும்.