பெரிய வேனுக்கு மாறும் குடும்பங்கள்: பெட்ரோலா, டீசலா?

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தாத்தா பாட்டியும் உடன் வருகிறார்கள் என்றால் ஏழு இருக்கை கொண்ட சிறிய குடும்ப வண்டி போதுமானதாக இருப்பதில்லை. பின்வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிறது; பெட்டிகளை வைக்க இடமில்லை. தைப்பூசத்திற்குப் பினாங்கு, பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை, திருமணத்திற்கு ஜொகூர் என்று அடிக்கடி புறப்படும் குடும்பங்கள் இப்போது ஹியுண்டாய் ஸ்டாரியா, கியா கார்னிவல், டொயோட்டா ஹைஏஸ், வெல்ஃபயர், நிசான் அர்வன் போன்ற பெரிய வேன்களைத் தேடுகின்றன. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் அமைத்து கேம்பர்வேனாக மாற்றிக்கொள்கின்றனர்.

எந்த வேன் என்பதைவிடப் பெரிய கேள்வி, எந்த எரிபொருள் என்பதுதான். முன்பெல்லாம் இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. பெரிய வண்டி, நீண்ட பயணம் என்றால் டீசல்தான் என்று பட்டறைக்காரர் முதல் பக்கத்து வீட்டு மாமா வரை எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். அந்தப் பதில் 2024 ஜூன் 10ஆம் தேதியோடு பழையதாகிவிட்டது.

கணக்கு மாறிய நாள்

அன்றுதான் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது மானியம் நீக்கப்பட்டது. லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னாக இருந்த விலை ஒரே இரவில் 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. அதன்பின் டீசல் விலை சந்தை நிலவரத்திற்கு ஏற்ப மாறி வருகிறது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய 2.15 ரிங்கிட் விலையே தொடர்ந்தது.

பெட்ரோலிலோ நேர்மாறான மாற்றம். 2.05 ரிங்கிட்டாக இருந்த ரோன்95, 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தின் கீழ், செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வைத்துள்ள குடிமக்களுக்கு 1.99 ரிங்கிட்டாகக் குறைந்தது. திட்டம் தொடங்கியபோது ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் வரை இந்த விலை. அதற்கு மேல் ஊற்றினாலும், குடிமகன் அல்லாதவர் ஊற்றினாலும் மானியமற்ற விலை. தொடக்கத்தில் அது 2.60 ரிங்கிட்டாக இருந்தது.

இதை ஒரு குடும்பத்தின் கணக்காகப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். பெரிய டீசல் வேன் ஒன்று 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டரும், அதே அளவு பெட்ரோல் வேன் 13 லிட்டரும் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டம். பழைய விலையில் டீசல் செலவு 3,225 ரிங்கிட், பெட்ரோல் செலவு சுமார் 3,998 ரிங்கிட். டீசல்காரர் கையில் ஆண்டுக்கு 770 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். டீசல் 3.35, பெட்ரோல் 1.99 என்றாகும்போது அதே ஓட்டத்திற்கு டீசல் செலவு 5,025 ரிங்கிட். பெட்ரோல் செலவு சுமார் 3,880 ரிங்கிட். இப்போது பெட்ரோல்காரருக்கே ஏறத்தாழ 1,145 ரிங்கிட் மிச்சம். வண்டியும் சாலையும் மாறவில்லை. விலை மட்டும்தான் மாறியது.

இந்தக் கணக்கில் இரண்டு திருத்தங்கள் உண்டு. முதலாவது, புடி மடானி உதவித்தொகை. மானியம் நீக்கப்பட்டபோது, ஆண்டு வருமானம் 100,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தனிநபர் டீசல் வண்டி உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் என்பது சிறிய தொகையல்ல. மேலே சொன்ன ஓட்டத்தில் அது கிடைப்பவருக்கு டீசலே மலிவு. ஆனால் கணவன் மனைவி இருவரின் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. புதிய சொகுசு வண்டிகளுக்கு இந்த உதவி இல்லை. புதிதாகப் பெரிய வேன் வாங்கும் குடும்பங்கள் பல இந்த இரண்டில் ஒன்றில் கழிந்துவிடும். உதவித்தொகை வரும் என்ற நம்பிக்கையில் மட்டும் டீசல் வேனுக்கு முன்பணம் கட்டுவது சரியாகாது. தகுதியை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, திட்டம் தொடங்கியபோது வைக்கப்பட்ட 300 லிட்டர் வரம்பு. 13 லிட்டர் குடிக்கும் வேனுக்கு அது மாதம் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போதும். வரம்பு வண்டிக்கு அல்ல, ஆளுக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். உரிமம் வைத்துள்ள மனைவிக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ தனி ஒதுக்கீடு உண்டு. சாதாரணக் குடும்ப ஓட்டத்தில் வரம்பைத் தாண்டுவது அரிது.

ஒன்று புள்ளி மூன்று

விலை வாரந்தோறும் மாறுவதால் நிலையான விடை சொல்ல முடியாது. ஆனால் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பெட்ரோல் வேன் 13 லிட்டர் குடிக்கும் தூரத்திற்கு டீசல் வேன் 10 லிட்டர் குடிக்கிறது என்றால், டீசல் விலை பெட்ரோல் விலையைப்போல் 1.3 மடங்கு வரும்போது இரண்டும் சமம். பெட்ரோல் 1.99 என்றால் டீசலுக்கு அந்தக் கோடு 2.59 ரிங்கிட். அதற்குக் கீழே டீசல் மலிவு. மேலே பெட்ரோல் மலிவு. ஒவ்வொருவரும் தாம் பார்க்கும் வண்டிகளின் உண்மையான பயன்பாட்டை வைத்து இந்த 1.3ஐத் திருத்திக்கொள்ளலாம். விற்பனையாளர் காட்டும் தாளில் உள்ள எண்ணைவிட, அதே வண்டியை வைத்திருப்பவர் சொல்லும் எண்ணே நம்பத்தக்கது.

சபா, சரவாக்கில் 2.15 ரிங்கிட் விலை நீடிக்கும்வரை பழைய பதிலே செல்லும். அங்கே 100 கிலோமீட்டருக்கு டீசல் 21.50 ரிங்கிட், புடி95 பெட்ரோல் சுமார் 25.90 ரிங்கிட்.

மலையேறும்போது

பணக்கணக்கு பெட்ரோல் பக்கம் சாய்ந்தாலும் பலர் இன்னும் டீசலை விடாததற்குக் காரணம் இழுவை. ஸ்டாரியாவின் 2.2 லிட்டர் டீசல் இயந்திரம் 431 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது; அதுவும் நிமிடத்திற்கு 1,500 சுற்றிலேயே. முந்தைய தலைமுறை வெல்ஃபயரின் 2.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் தருவது 235. அதற்கும் 4,000 சுற்றைத் தாண்ட வேண்டும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலையில் எட்டுப் பேரும் பெட்டிகளும் ஏறிய வேன் 1,400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். டீசல் வேன் முனகாமல் ஏறும். பெட்ரோல் வேனும் ஏறத்தான் செய்யும். ஆனால் கியர் இறங்கி, இயந்திரம் இரைந்து, எண்ணெய் முள்ளும் வேகமாக இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை கேமரன் போகிறவர் இந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். மாதம் இருமுறை மலையேறுகிறவருக்கு அது வேறு கதை.

இறக்கத்தில் நிலைமை வேறு. பெட்ரோல் இயந்திரத்தில் மிதியை விட்டவுடன் காற்றுவழி மூடிக்கொள்வதால் வண்டி தானாகப் பிடிபடும். டீசலில் அந்தப் பிடிப்பு பொதுவாகக் குறைவு. கெந்திங்கிலிருந்து இறங்கும்போது ஆள் நிறைந்த வேனை ‘டி’ கியரிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வருவது மிக ஆபத்தானது. பிரேக் சூடேறிச் செயலிழந்துவிடும். எந்த எரிபொருளானாலும் குறைந்த கியருக்கு மாற்றித்தான் இறங்க வேண்டும். சிறிய வண்டியிலிருந்து பெரிய வேனுக்கு மாறுகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இதுதான்.

பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடினால்

பெரிய வேன் வாங்கும் பல வீடுகளில் அது ஆண்டுக்கு நான்கு முறை வெளியூர் போகும். மற்ற நாள்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் சந்தைக்கும்தான். இந்தப் பயன்பாட்டுக்கு டீசல் பொருந்தாது. புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உள்ளது. பட்டறைகளில் அதை டி.பி.எஃப். என்பார்கள். தேங்கிய கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள அதற்கு நல்ல சூடு வேண்டும்; நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம் வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும், பட்டறைச் செலவு வரும்.

டர்போ, உயர் அழுத்த பம்ப், இன்ஜெக்டர் ஆகியவையும் டீசலில் விலை கூடிய பாகங்கள். நன்றாகப் பராமரித்தால் நீண்ட நாள் உழைக்கும்; முந்தைய உரிமையாளர் கவனிக்காமல் விட்டிருந்தால் புதிய உரிமையாளர் தலையில்தான் விழும். பழைய வேன் வாங்கும்போது இயந்திரம் முழுக்க ஆறியிருக்கும் காலையில் போய், முதல் முறை உயிர்ப்பிக்கும்போது அருகில் நின்று பார்ப்பது நல்லது. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம்.

சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. 3.5 லிட்டர் பெட்ரோல் வேனை ஆசைப்படுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேம்பர்வேன் கனவு

வேனையே வீடாக்க நினைப்பவர்கள் இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருவதுண்டு. அங்கே ‘கேஸா டீசலா’ என்று விவாதிப்பார்கள். அந்த ‘கேஸ்’ சமையல் எரிவாயு அல்ல, பெட்ரோல்தான். அவர்கள் ஒப்பிடுவதும் பேருந்து அளவுள்ள வாகனங்களை: ஒரு பக்கம் முன்புறத்தில் ஃபோர்டு 7.3 லிட்டர் பெட்ரோல் இயந்திரம், மறுபக்கம் காற்றழுத்த பிரேக்குடன் பின்புறத்தில் 6.7 லிட்டரும் அதற்கு மேலும் கொண்ட கம்மின்ஸ் டீசல் இயந்திரம். இரண்டரை லிட்டர் அர்வனையோ ஹைஏஸையோ மாற்றியமைக்கும் மலேசியக் குடும்பத்திற்கு அந்த முடிவுகள் பொருந்தா.

இங்கே பார்க்க வேண்டியது எடையும், வண்டி நிற்கும் நாள்களும். 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ. அதன்மேல் மரப்பலகை, மின்கலம், குளிர்சாதனப் பெட்டி, கூரைக் கூடாரம். இந்த எடை எப்போதும் வண்டியிலேயே இருக்கும் என்பதால் டீசலின் இழுவைக்கு இங்கு மதிப்பு உண்டு. ஆனால் கேம்பர்வேன்கள் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும். தீபகற்பத்தில் விற்கப்படும் சாதாரண டீசலில் 2019 முதல் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய் டீசல் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை எளிதில் ஈர்க்கும். தொட்டி பாதி காலியாக நீண்ட நாள் நின்றால் உட்புறம் நீர் கோத்து, கசடு சேர்ந்து, வடிகட்டி அடைக்கும். நிறுத்துமுன் தொட்டியை நிரப்பிவிடுவதும், எரிபொருள் வடிகட்டியைக் காலத்தோடு மாற்றுவதும் உதவும். 7 விழுக்காடு கலப்புள்ள டீசல் லிட்டருக்கு 20 சென் கூடுதலாகக் கிடைக்கிறது. நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.

இருக்கைகளை அகற்றிப் படுக்கை அமைப்பதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நேரும் நாளில் இழப்பீடு சிக்கலாகும். இயந்திரத்தை ஓடவிட்டு, குளிர்சாதனத்துடன் கதவுகளை மூடிக்கொண்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. பெட்ரோல், டீசல் இரண்டின் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு வாசனை கிடையாது.

இன்னொன்று. பெரிய வேன் வந்ததும், கோவில் பயணத்திற்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அழைத்துப் போகலாமே என்ற எண்ணம் சிலருக்கு வரும். உரிய உரிமம் இல்லாமல் கட்டணத்திற்குப் பயணிகளை ஏற்றுவது குற்றம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி பெருமளவு முடிந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் அங்கு புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவுசெய்ய முடியாது. குடும்ப வேன் தேடுகிறவர்களுக்கு எஞ்சியிருப்பவை பெட்ரோல், ஹைபிரிட், மின்சாரம்தான். பெட்ரோல் வேனில் ஜொகூர் வருபவர்கள், வெளிநாட்டுப் பதிவு எண் கொண்ட வண்டிக்கு மலேசியாவில் ரோன்95 விற்கப்படாது என்பதை நினைவில் வைத்து, பயணச் செலவை ரோன்97 விலையில் கணக்கிட வேண்டும்.

தீபகற்பத்தில் இப்போது முடிவெடுக்கும் குடும்பங்கள், தங்கள் பழைய வண்டியின் ஓட்டக் கணக்கை ஓராண்டுக்குப் புரட்டிப் பார்க்கலாம். பெரும்பகுதி நகருக்குள் என்றால் பெட்ரோல் அல்லது ஹைபிரிட். வாரந்தோறும் நெடுஞ்சாலை, முழு ஆள், மலைப்பாதை, அதோடு உதவித்தொகைத் தகுதியும் உண்டு என்றால் டீசலுக்கு இன்னும் இடமுண்டு. சோதனை ஓட்டத்திற்குத் தனியாகப் போகாமல், வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, குளிர்சாதனத்தை முழுவதும் திறந்துவிட்டு, அருகில் உள்ள ஏற்றம் ஒன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் தயங்கினால் வேறு கடையைப் பார்க்கலாம்.