முதல் நாள் ஒரே ஒரு விளக்கு

பெங்களூரில் யூத ஜெபாலயம் கிடையாது. கமர்ஷியல் தெருவில் செருப்புக் கடை நடத்திய ரூபின் மோசஸ் வீட்டில்தான் ஒரு காலத்தில் கூடி ஜெபித்தார்கள். 1904இல் மைசூர் மகாராஜா தந்த நிலத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜெபாலயம் இல்லாதது ஹனுக்காவுக்குக் குறையில்லை. எட்டு நாள் விளக்கேற்றும் அது வீட்டுப் பண்டிகை. அதன் விதிகள் யூதச் சட்ட நூலான தால்முத்தில் ‘ஷப்பாத்’ பகுதியின் 21ஆம் ஏட்டில் உள்ளன. சொல்லியிருக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில் நேரம். பொழுது சாய்ந்தது முதல் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கும்வரை விளக்கு எரிய வேண்டும். விடிய விடிய அல்ல, பார்க்க ஆள் இருக்கும்வரை. (கமர்ஷியல் தெருவுக்கு இந்த விதி என்றால் எண்ணெய் கட்டுப்படியாகாது.)

அடுத்து எண்ணிக்கை. முதல் நாள் எட்டு ஏற்றி, தினம் ஒன்று குறை என்றது யூத அறிஞர் ஷம்மாயின் தரப்பு. ஒன்றில் தொடங்கி, தினம் ஒன்று கூட்டு என்றது இன்னொரு அறிஞர் ஹில்லெலின் தரப்பு. ஷம்மாய் கணக்கிலும் நியாயம் உண்டு. மிச்சமிருக்கும் நாட்களை அது எண்ணுகிறது. ஆனாலும் புனிதமான காரியத்தில் ஏறுமுகம்தான், இறங்குமுகம் ஆகாது என்ற ஹில்லெல் வாதமே நின்றது. காலத்தையும் கவனியுங்கள். நம் கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வரும். ஹனுக்கா தொடங்கும் யூத மாதமான கிஸ்லேவின் 25ஆம் நாள் தேய்பிறை. எட்டு நாளுக்குள் நிலா மறைந்தே போகும். டிசம்பரிலும் நமக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு, எருசலேமில் பத்துதான். அந்த இருட்டில்தான் விளக்கு ஒவ்வொன்றாகக் கூடுகிறது.

பிறகு இடம். வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும். மாடியில் குடியிருப்பவர் தெருப் பக்க ஜன்னலில் வைக்கலாம். கார்த்திகைக்கு மூன்றாம் மாடி பால்கனிச் சுவரில், காற்றுக்குக் கை அணைத்து அகல் ஏற்றும் அல்சூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபத்துக் காலமானால் உள்ளே மேஜைமேல் வைத்தாலே போதும் என்கிறது அடுத்த விதி. அந்தப் ‘போதும்’ பெரிய சொல். ஒளிந்து ஏற்றியதும் ஏற்றியதுதான்.

வெளிச்சம் வேண்டுமானால் வேறொரு விளக்கு வை என்கிறார் தால்முத் அறிஞர் ராவா. கரண்ட் போனால்கூட ஹனுக்கா விளக்கில் பில்லைத் தேடக் கூடாது. பக்கத்தில் ‘ஷமாஷ்’ என்ற பணியாள் விளக்கு எரிவது இதற்காகத்தான். எட்டு நாளுக்கும் விளக்குகள் 36. பணியாளையும் சேர்த்தால் 44.

இத்தனையும் சொன்ன பிறகுதான் ‘ஹனுக்கா என்றால் என்ன’ என்ற கேள்வியே வருகிறது. எதிரிகளிடமிருந்து எருசலேம் ஆலயத்தை யூதர்கள் மீட்டபோது தலைமைக் குருவின் முத்திரையோடு கிடைத்தது ஒரே குடுவை. ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது. அப்படியானால் அதிசயம் ஏழு நாள்தானே என்று 16ஆம் நூற்றாண்டில் மடக்கினார் யூதச் சட்ட அறிஞர் யோசேப் காரோ. விடைகள் ஏராளம். எனக்குப் பிடித்தது இது: மறுநாளைக்கு எண்ணெய் இல்லை என்று தெரிந்தே முதல் நாள் ஏற்றினார்கள். அந்த நாளையும் கணக்கில் சேர்த்தது சரிதான்.