கேட்போர் யார்? – நின்டெண்டோவும் வயதுவந்தோர் விளையாட்டுகளும்

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூற வேண்டும் என்று நன்னூல் வகுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை என்று செல்லும் அவ்வரிசையில் 'கேட்போர்' என்பதும் ஒன்று. இந்த நூல் யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது கருத்து. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்தும்போது, மாணவர்கள் மிக விரைவாகக் கடந்துபோகும் சொல்லும் இதுதான். ஆனால் இலக்கணத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு துறையில், இந்த ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்திருக்கிறது. வீடியோ விளையாட்டுத் துறையைச் சொல்கிறேன். குடும்பத்தோடு அமர்ந்து ஆடத்தக்கது என்று பெயரெடுத்த ஒரு கருவியில், வயதுவந்தோருக்கான விளையாட்டுகள் விற்குமா? கேள்வி எளியது. அதற்குச் சொல்லப்பட்ட விடைதான் நெடுங்காலம் பிழையாக இருந்தது என்பது என் எண்ணம்.

நின்டெண்டோ 1889இல் கியோட்டோ நகரில் தோன்றிய நிறுவனம். அன்று அது செய்தது 'ஹனாஃபுடா' என்னும் மலர்ச்சீட்டுகள். சூதாட்டக் களங்களில் அச்சீட்டுகளுக்கு நல்ல புழக்கம் இருந்தது. குழந்தைகளின் காவலன் என்று பின்னாளில் பெயர் பெற்ற வீட்டின் அடித்தளம் சூதாட்டச் சீட்டு என்பதை நினைக்கும்போது சற்றுப் புன்னகை வரத்தான் செய்கிறது. 1985இல் அமெரிக்காவில் தன் விளையாட்டுக் கருவியை அறிமுகப்படுத்தியபோது அது கடுமையான விதிகளை வகுத்துக்கொண்டது. குருதி கூடாது, மதச் சின்னங்கள் கூடாது, மது கூடாது. பிற நிறுவனங்கள் உருவாக்கிய விளையாட்டுகளும் இந்த வாயிலைக் கடந்தே கடைக்கு வர வேண்டும்.

அந்த வாயிலில் முதல் பெரும் மோதல் 1993 செப்டம்பரில் நிகழ்ந்தது. 'மார்ட்டல் கோம்பாட்' என்னும் சண்டை விளையாட்டு, விளையாட்டுக் கூடங்களிலிருந்து வீட்டுக் கருவிகளுக்கு வந்த மாதம் அது. நின்டெண்டோவின் கருவியில் குருதி சாம்பல்நிற வியர்வையாக மாற்றப்பட்டிருந்தது. போட்டியாளரான சேகாவின் ஜெனிசிஸ் கருவியில் ஒரு ரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் குருதி முழுமையாக வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வரிசை மனப்பாடம். வாங்குவோரில் பெரும்பகுதியினர் சேகாவின் பக்கம் போனார்கள். அவ்வாண்டு டிசம்பரில் செனட்டர்கள் ஜோ லீபர்மேன், ஹெர்ப் கோல் ஆகியோர் முன்னின்று நடத்திய விசாரணையில் இரு நிறுவனத்தாரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டனர். விளைவாக 1994இல் வயதுத் தரவரிசை வாரியம் ஒன்று பிறந்தது. 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்னும் முத்திரை அங்கிருந்து வந்ததே. அவ்வாண்டே வெளிவந்த இரண்டாம் பாகத்தை நின்டெண்டோ அமெரிக்காவில் குருதியோடு வெளியிட்டது.

அன்றைய பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். பத்து வயதுச் சிறுவன் திரையில் ஒருவனின் முதுகெலும்பை உருவுவதைப் பார்த்துத் திடுக்கிடாத தாய் உண்டா? ஆனால் முத்திரை வந்த பிறகு வாயிற்காவல் வேலை முத்திரையுடையது. விளையாட்டையே திருத்தி எழுத வேண்டிய தேவை தளர்ந்தது. நின்டெண்டோவும் இதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாதது சந்தையின் நினைவு. 'நின்டெண்டோ என்றால் சின்னப் பிள்ளைகள்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

2001இல் ரேர் நிறுவனம் 'காங்கர்ஸ் பேட் ஃபர் டே' என்ற விளையாட்டை வெளியிட்டது. நாயகன் ஓர் அணில். குடித்துத் தள்ளாடும், கெட்ட வார்த்தை பேசும் அணில். பார்ப்பதற்குப் பொம்மைப்படம், உள்ளே முழுக்க வயதுவந்தோர் சங்கதி. விமர்சகர்கள் கொண்டாடினர், விற்பனை படுத்தது. கருவியின் ஆயுளே முடியும் தறுவாயில் வந்தது என்பதை யாரும் பெரிதாகக் கணக்கில் கொள்ளவில்லை. 2002இல் நின்டெண்டோவே வெளியிட்ட 'எடர்னல் டார்க்னஸ்' என்ற அச்ச விளையாட்டுக்கும் புகழ் வந்த அளவு பணம் வரவில்லை.

இனி 'ரெசிடென்ட் ஈவில் 4'. ஷின்ஜி மிகாமி இயக்கத்தில் 2005 ஜனவரியில் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்கென்றே வந்த விளையாட்டு. ஆனால் அது கடைக்கு வருவதற்கு முன்பே, 2004 இறுதியில், சோனியின் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கும் வரும் என்று கேப்காம் அறிவித்துவிட்டது. கேப்காமின் கணக்குப்படி கேம்கியூபில் விற்றவை சுமார் 16 லட்சம், பிளேஸ்டேஷன் 2இல் சுமார் 23 லட்சம். பார்த்தீர்களா, வயதுவந்தோர் அங்கேதான் இருக்கிறார்கள் என்றது சந்தை. இந்த எண்களை நான் வேறு விதமாக வகுத்துப் பார்த்தேன். உலகெங்கும் விற்ற கேம்கியூப்கள் மொத்தம் 2 கோடியே 17 லட்சம். பிளேஸ்டேஷன் 2 கருவிகளோ 15 கோடிக்கும் மேல். அதாவது 'குழந்தைகளின் கருவி' வைத்திருந்தவர்களில் 100க்கு 7 பேர் அந்தக் கொடூரமான விளையாட்டை வாங்கியிருக்கிறார்கள். 'பெரியவர்களின் கருவி' வைத்திருந்தவர்களில் 100க்கு இருவர்கூட இல்லை. முதலில் வந்த இடம் என்பதால் கேம்கியூபுக்கு ஓரளவு அனுகூலம் உண்டுதான். இருந்தாலும், கேட்போர் இல்லை என்பதற்கான சான்று இதில் எங்கே இருக்கிறது?

2006 நவம்பரில் 'வீ' வந்தது. கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். தாத்தாவும் பேத்தியும் ஒரே கூடத்தில் நின்று ஆடினார்கள். மொத்தம் 10 கோடிக்கும் மேல் விற்ற கருவி அது. 2007இல் 'மேன்ஹன்ட் 2' இந்தக் கருவிக்கும் வருகிறது என்றதும் கலவரம் மூண்டதற்குக் காரணமும் அந்தக் கைவீச்சுதான். பொத்தானை அழுத்திக் கொல்வது ஒன்று, குத்துவது போலவே கையை ஓங்கிக் கொல்வது மற்றொன்று என்றனர் எதிர்த்தவர்கள். பிரிட்டனின் தணிக்கை வாரியம் அவ்விளையாட்டுக்குச் சான்றிதழ் மறுத்தது. அமெரிக்க வாரியம் முதலில் அளித்த உச்ச முத்திரையோடு எந்த விளையாட்டையும் நின்டெண்டோவோ சோனியோ தம் கருவிகளில் அனுமதிப்பதில்லை. வெட்டித் திருத்திய பிறகே அது அமெரிக்கக் கடைகளை அடைந்தது.

முடிவான சோதனை ஆண்டாகச் சொல்லப்படுவது 2009. பிப்ரவரியில் சேகா வெளியிட்ட 'ஹவுஸ் ஆஃப் தி டெட்: ஓவர்கில்' முதல் மாதம் அமெரிக்காவில் விற்றது சுமார் 45,000. மார்ச்சில் அதே சேகாவுக்காக பிளாட்டினம் கேம்ஸ் உருவாக்கிய 'மேட்வேர்ல்ட்' சுமார் 66,000. கறுப்பு, வெள்ளை, இவற்றுக்கிடையே பீறிடும் சிவப்பு என்று மூன்றே வண்ணங்களில் வரையப்பட்டது அது. என் பழைய மாணவர் ஒருவர் அதன் சில நிமிடங்களைக் காட்டினார். என்னால் முழுதும் பார்க்க இயலவில்லை. ஆனாலும் கைதேர்ந்த ஓவியர்கள் உழைத்த பணி என்பது தெரிந்தது. செப்டம்பர் இறுதியில் வந்த 'டெட் ஸ்பேஸ்: எக்ஸ்ட்ராக்ஷன்' அம்மாதக் கணக்கில் சுமார் 9,000 மட்டுமே. மாதத்தின் கடைசி நாள்களில் வந்ததால் அது குறை மாதக் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். தீர்ப்பு உடனே எழுதப்பட்டது: 'வீ' வைத்திருப்போர் வயதுவந்தோர் விளையாட்டுகளை வாங்கமாட்டார்கள்.

அதே மக்கள்தாம் 2007இல் மலிவு விலையில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' மறுபதிப்பைப் பல லட்சம் படிகள் வாங்கியவர்கள். அதே ஆண்டின் 'அம்ப்ரெல்லா கிரானிக்கிள்ஸ்' பத்து லட்சத்தைத் தாண்டியது. 2008இன் 'கால் ஆஃப் டூட்டி: வேர்ல்ட் அட் வார்', மங்கலான காட்சித் தரத்தோடும்கூட 'வீ'யில் பத்து லட்சம் கடந்தது. இவை யாவும் 17 வயது முத்திரை பெற்றவையே.

வேறுபாடு எங்கே? 'வீ'யின் ஆற்றல் பிற கருவிகளைவிட மிகக் குறைவு. ஒரே விளையாட்டை எல்லாவற்றுக்கும் செய்ய இயலாது. எனவே நிறுவனங்கள் பெரும் படைப்பை மற்றவற்றுக்கு அனுப்பிவிட்டு, இங்கே கிளைக்கதையை அனுப்பின. 2008இல் வந்த 'டெட் ஸ்பேஸ்' மற்றவர்களுக்கு. இருப்புப்பாதையில் செல்வதுபோல் தானே நகரும் துப்பாக்கி விளையாட்டு 'வீ'க்கு. பந்தியில் சாம்பாரை ஒரு வரிசைக்குப் பரிமாறிவிட்டு, அடுத்த வரிசைக்கு ரசத்தை மட்டும் ஊற்றி, இவர்களுக்குச் சாம்பார் பிடிக்காது என்று குறிப்பெழுதுவது போன்றதுதான் இது. 'மேட்வேர்ல்ட்' மட்டும் இதற்கு விலக்கு. அது இந்தக் கருவிக்கென்றே மனம் வைத்துச் செய்யப்பட்டது. ஆனால் புதுப்பெயர், குறுகிய விளையாட்டு, அதிர்ச்சியூட்டும் நகைச்சுவை ஆகிய மூன்றும் எந்தக் கருவியிலும் எளிதில் விற்பவை அல்ல. அதன் நாயகன் மீண்டும் தோன்றிய 2012ஆம் ஆண்டு விளையாட்டு நின்டெண்டோவுக்கு வரவே இல்லை. பிள்ளைகளுக்கான கூடத்தில் பெரியவர்கள் இல்லை என்ற நம்பிக்கையால், இருந்த பெரியவர்களும் வேறு கருவி வாங்கிக்கொண்டனர். பொய்த்த கணிப்பு தன்னை மெய்யாக்கிக்கொள்ளும் வழி இது.

அடுத்து வந்த 'வீ யூ' கருவியின் தோல்விக் காலத்தில், எவரும் பணம் போடத் தயங்கிய 'பேயோனெட்டா 2'க்கு நின்டெண்டோவே பொருளுதவி செய்து 2014இல் வெளியிட்டது. அதை இங்கே விரிக்கவில்லை.

2017 மார்ச்சில் 'ஸ்விட்ச்' வந்தது. ஆற்றலில் இதுவும் பின்தங்கியதே. ஆனால் கையில் எடுத்துச் செல்லலாம் என்ற ஒரு காரணத்துக்காக, நிறுவனங்கள் இம்முறை கிளைக்கதையை விடுத்து மூலத்தையே சுருக்கித் தந்தன. அவ்வாண்டு நவம்பரில் 'டூம்', 'ஸ்கைரிம்', 2019 அக்டோபரில் 'தி விட்சர் 3'. 2018 ஜூனில் வந்த 'உல்ஃபென்ஸ்டீன் 2' எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1994இல் அதன் மூதாதையான 'உல்ஃபென்ஸ்டீன் 3டி' நின்டெண்டோ கருவிக்கு வந்தபோது குருதி வியர்வையாயிற்று, நாய்கள் எலிகளாயின, ஹிட்லரின் பெயரே மறைந்தது. நாஜிகளை எதிர்த்துப் போரிடும் விளையாட்டில் நாஜிகளே இல்லை! இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, மரியோவை வைத்திருக்கும் அதே சிறு திரையில், குருதியோடும் கோடரியோடும் அது திரும்பி வந்தது. எந்தச் செனட்டரும் விசாரணை கூட்டவில்லை.

2025 ஜூன் 5 அன்று 'ஸ்விட்ச் 2' கடைக்கு வந்தது. முதல் நாளே உடன் வந்த விளையாட்டுகளில் ஒன்று 'மரியோ கார்ட் வேர்ல்ட்'. மற்றொன்று 'சைபர்பங்க் 2077'.